வலிக்கும் இடமும் வலி பிறந்த இடமும்

வலது பக்க அடிவயிற்றில் வலி என்றால் திண்டுக்கல்லில் யாரும் டாக்டர் வாய் திறக்கும்வரை காத்திருப்பதில்லை. "அப்பண்டிஸா இருக்கும், சும்மா விட்டுறாதீங்க, ஒரு ஸ்கேன் பார்த்துருங்க" என்று பக்கத்து வீட்டு அக்காவே சொல்லிவிடுவார். நாகல் நகரோ பேகம்பூரோ, தெருவுக்கு ஒருவராவது அந்த அறுவைத் தழும்போடு இருப்பார். அதனால் அந்த நோய் எல்லோருக்கும் அறிமுகம்.

சந்தேகமும் நியாயமானதுதான். 1886ல் பாஸ்டன் நகர மருத்துவர் ரெஜினால்ட் ஃபிட்ஸ், வலது அடிவயிறு சீழ்பிடித்து நேர்ந்த சாவுகளில் பெரும்பாலானவற்றுக்கு அப்பெண்டிக்ஸ் எனப்படும் குடல்வால்தான் மூலகாரணம் என்று பிரேதப் பரிசோதனைகளைக் கொண்டு நிறுவினார். மூன்று வருடம் கழித்து, நியூயார்க்கின் அறுவை மருத்துவர் சார்லஸ் மக்பர்னி, விரலை எங்கே வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும் என்று குறித்துக் கொடுத்தார். இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு போட்டால், மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கிறது அந்த இடம். 1902 ஜூனில் இங்கிலாந்து அரசர் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவையே இந்தச் சின்ன உறுப்பு தள்ளிவைத்தது. அன்றிலிருந்து அந்தப் புள்ளியில் வலி என்றால் உலகம் முழுவதும் மருத்துவர்களின் மனம் முதலில் குடல்வாலிடம்தான் போகிறது.

ஆனால் அங்கே வலிப்பதெல்லாம் குடல்வால் இல்லை. அதைப் போல வேஷம் கட்டி வரும் நோய்கள் முப்பது நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. மருத்துவப் பாடநூல்களில் அவற்றைப் பொதுவானவை, அபூர்வமானவை என்று பிரித்து வரிசைப்படுத்தியிருப்பார்கள். அந்த வரிசை பெரும்பாலும் லண்டனிலும் பாஸ்டனிலும் பார்த்த நோயாளிகளை வைத்துப் போடப்பட்டது. அபூர்வம் என்பது ஊரைப் பொறுத்தது. அங்கே அடிக்குறிப்பில் கிடக்கும் ஒரு காரணம் வேடசந்தூர்ப் பக்கத்து வெங்காயக் காட்டில் முதல் சந்தேகமாக இருக்க வேண்டியிருக்கலாம். திண்டுக்கல் மாதிரியான வறண்ட சமவெளியில், தரையில் பாய் விரித்துப் படுக்கும் ஊர்களில், காசநோய் இன்னும் போகாத தெருக்களில் அந்த வரிசையை நாமே திருத்திப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் கட்சி.

முதலில் வலி எப்படிப் பயணிக்கிறது என்று பார்த்துவிடலாம். குடலைக் கத்தியால் கீறினாலும் சூடு வைத்தாலும் அதற்கு உறைக்காது. உப்பினால், முறுக்கிக்கொண்டால், ரத்த ஓட்டம் நின்றால்தான் வலிக்கும். அந்த வலியைச் சுமக்கும் நரம்பிழைகள் மிகக் குறைவு. அவை இரண்டு பக்கமாகவும் தண்டுவடத்துக்குள் நுழைவதால், மூளைக்கு ‘வயிற்றின் நடுவில் எங்கோ’ என்பதற்கு மேல் விவரம் கிடைப்பதில்லை. குடல்வாலின் இழைகள் தண்டுவடத்தில் பத்தாவது மார்புக் கண்டத்துக்குப் போகின்றன. தொப்புளைச் சுற்றியுள்ள தோலின் உணர்ச்சியும் அதே கண்டத்துக்குத்தான் வருகிறது. எனவே குடல்வால் வீங்கத் தொடங்கும்போது தொப்புளைச் சுற்றித்தான் வலிக்கும். சில மணி நேரம் கழித்து, வீங்கிய குடல்வால் வயிற்றின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் சவ்வைத் தொடும். அந்தச் சவ்வின் நரம்புகள் தோலின் நரம்புகளைப் போலத் துல்லியமானவை. அப்போதுதான் நோயாளி ஒற்றை விரலால் ‘இங்கே’ என்று வலது பக்கம் காட்டுவார். தொப்புளில் தொடங்கி வலது பக்கம் இறங்கிய வலி, சோற்றைக் கண்டாலே வேண்டாம் என்கிற வாய், வலிக்குப் பிறகு வருகிற வாந்தி, லேசான காய்ச்சல் என்ற இந்த வரிசை முக்கியம். வாந்தி முதலில் வந்து வலி பின்னால் வந்தாலோ, எடுத்த எடுப்பில் 103 டிகிரி காய்ச்சல் அடித்தாலோ, பசி நன்றாகவே இருந்தாலோ வேறு எதையாவது யோசிக்க வேண்டும்.

சவ்வு எரிச்சலுற்ற வயிறு அசைவைப் பொறுக்காது. குடல்வால் அழற்சிக்காரர் கட்டிலில் கால் மடக்கி ஆடாமல் கிடப்பார். இருமச் சொன்னால் முகம் சுளிப்பார். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 2012ல் ஓர் ஆய்வு வந்தது. வயிற்றுவலியோடு வந்த 101 பேரிடம், வருகிற வழியில் வண்டி வேகத்தடை ஏறி இறங்கும்போது வலி கூடியதா என்று கேட்டார்கள். குடல்வால் அழற்சி உறுதியான 34 பேரில் 33 பேர் ஆமாம் என்றார்கள். நம் ஊர்ச் சாலையில் ஷேர் ஆட்டோவில் வருகிற நோயாளியிடம் இதைவிட எளிய கேள்வி இருக்க முடியாது. வேகத்தடையில் கூடாத வலி என்றால் குடல்வால் சந்தேகம் வெகுவாகக் குறைகிறது. கூடியது என்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. வயிற்றுச் சவ்வைத் தீண்டும் எந்த நோயிலும் அது கூடும்.

சிறுநீரகக் கல் வலி இதற்கு நேர் எதிர். வெயிலும் வியர்வையும் குறைந்த தண்ணீரும் உள்ள இந்தச் சமவெளியில் கல்லடைப்பு தெரியாத வீடு குறைவு. வலது சிறுநீர்க்குழாயில் கல் இறங்கும்போது வலி அப்படியே குடல்வால் இடத்தில் வந்து நிற்கும். ஆனால் கல் வலிக்காரரால் ஒரு நிமிடம் ஒரு இடத்தில் இருக்க முடியாது. எழுந்து நடப்பார், குனிவார், தரையில் உருளுவார். வலி முதுகுப்புறத்திலிருந்து தொடைச்சந்து வரை பாயும். அவர் கட்டிலில் கிடக்கும் விதத்தை வாசலில் நின்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

இனி வயிற்றின் அந்த மூலையையே பார்ப்போம். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடம் அது. மதுரை, திருச்சி, கரூர், பழனி என்று நாலு பக்கத்துத் தண்டவாளங்களும் வந்து சேர்ந்து வண்டிகள் நின்று போகிற திண்டுக்கல் ஜங்ஷனைப் போல, சிறுகுடலின் சரக்கு முழுவதும் இங்கே வந்து தாமதித்துத்தான் போகிறது. நோயெதிர்ப்புத் திசுத் திட்டுகளும் சிறுகுடலின் இந்தக் கடைசிப் பகுதியில்தான் அடர்த்தி. எனவே குடலுக்குள் புகுகிற கிருமிகளில் பல இங்கேதான் இறங்கித் தங்குகின்றன.

டைபாய்டு அப்படித்தான். இரண்டாவது மூன்றாவது வாரத்தில் அந்தத் திட்டுகளில் புண் விழுந்து குடல் ஓட்டையாகலாம். காய்ச்சலுக்கு அங்கங்கே ஊசி போட்டுக்கொண்டு அலைந்தவர் திடீரென்று வயிறு கட்டையாகி வந்து விழுவார். குழந்தைகளுக்குச் சளி, தொண்டைவலிக்குப் பின் குடல் நிணநீர்க் கணுக்கள் வீங்கும். பள்ளிப் பிள்ளைகளின் போலிக் குடல்வால் வலிகளில் இதுதான் அதிகம். தானாகவே ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். உருண்டைப் புழுக்கள் திரண்டு அடைத்துக்கொள்வது ஒரு காலத்தில் சாதாரணம். பள்ளிகளில் பூச்சி மாத்திரை கொடுக்கத் தொடங்கிய பிறகு குறைந்திருக்கிறது. சீதபேதிக் கிருமியான அமீபா, பெருங்குடலின் தொடக்கத்தில் புண்ணும் கட்டியும் உண்டாக்கும். அதைக் குடல்வால் என்று எண்ணித் திறந்தால் நோயாளி சிக்கலில் மாட்டிக்கொள்வார்.

இவற்றில் நான் அதிகம் கவலைப்படுவது காசநோயைப் பற்றி. காசம் என்றால் நெஞ்சுச் சளி, இருமல் என்றே நமக்குப் பதிந்திருக்கிறது. அந்தக் கிருமி குடலுக்குள் இறங்கினால் அதிகமாகப் பிடிப்பது இந்தச் சந்திப்பைத்தான். விழுங்கிய சளி வழியாகவோ, ரத்தத்தின் வழியாகவோ, காய்ச்சாத பால் வழியாகவோ வரும். மாதக்கணக்கில் அரைகுறை வயிற்றுவலி, மாலையில் மட்டும் எட்டிப்பார்க்கும் காய்ச்சல், உடம்பு இளைப்பு, ஒரு நாள் பேதி ஒரு நாள் மலச்சிக்கல் என்று மெதுவாக நடக்கும் நோய் இது. அப்படி நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு நாள் குடல் சுருங்கி அடைத்துக்கொள்ளும். அல்லது குடல்வாலின் வாயை மூடிவிடும். அன்றைக்குப் பார்க்கிற மருத்துவருக்குத் தெரிவது அன்றைய வலி மட்டும். "எத்தனை நாளா வலி?" என்றால் "நேத்து ராத்திரியிலிருந்து" என்பார் நோயாளி. "போன தீபாவளிக்குத் தைச்ச சட்டை இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டால்தான் மற்ற கதை வெளிவரும்.

உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இந்தியர். இந்த நோயை வீட்டிலிருந்தபடியே மாத்திரையால் குணமாக்கலாம், சானடோரியம் தேவையில்லை என்று 1959ல் உலகுக்கு நிரூபித்ததே சென்னையில் நடந்த ஆய்வுதான். குடல் காசத்துக்கும் பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாத மாத்திரை போதும், அரசு இலவசமாகத் தருகிறது. கத்தி தேவைப்படுவது அடைப்பு, ஓட்டை என்று வந்தவர்களுக்குத்தான். அப்படிப்பட்ட நோய் குடல்வால் என்ற பெயரில் ஒளிந்துகொண்டு போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இப்போது மேல்நாட்டுப் புத்தகங்களில் ஓரமாக இருக்கிற, நம் நிலத்தில் நடுவில் வைக்க வேண்டிய ஒன்று: கட்டுவிரியன் கடி.

ஐப்பசி மழை நாட்கள். வெங்காயப் பட்டறைக்குக் காவலாகவோ களத்து மேட்டிலோ வீட்டுக்குள்ளேயோ ஒருவர் தரையில் பாய் விரித்துப் படுக்கிறார். விடிய இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுகிறார். பிசைகிற மாதிரி வலி, வாந்தி, வியர்வை. பாம்பைப் பார்க்கவில்லை. எறும்பு கடித்ததாகக்கூட நினைவில்லை. வீட்டில் ஓமத்திரவம் கொடுக்கிறார்கள், சோடா உடைத்துக் கொடுக்கிறார்கள். விடிந்ததும் ஆஸ்பத்திரி. "ராத்திரி என்னப்பா சாப்பிட்ட?" என்பதுதான் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி. புரோட்டா என்றோ பழைய குழம்பு என்றோ பதில் வந்தால் அதோடு விசாரணை முடிந்துவிடும். வயிற்றுக்கு ஒரு ஊசி, வாந்திக்கு ஒரு ஊசி. வலது பக்கம் கொஞ்சம் அதிகம் வலித்தால் குடல்வால் சந்தேகம், ஸ்கேனுக்குச் சீட்டு. கேட்டிருக்க வேண்டிய கேள்வி, "ராத்திரி எங்கப்பா படுத்திருந்த?"

கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. கறுத்த உடம்பில் மெல்லிய வெள்ளைப் பட்டைகள். எலி, பல்லி, மற்றப் பாம்புகளைத் தேடி வீட்டுக்குள் வரும். தூங்குகிறவர் புரண்டு அதன்மேல் படும்போது கடிக்கும். பல் மிகச் சிறியது. கடிவாயில் வீக்கமோ ரத்தமோ வலியோ இருக்காது, பல நேரம் தடமே தெரியாது. இதன் விஷம் நரம்பு தசையோடு சேரும் முனைகளைத் தாக்குகிறது. செய்தி சொல்லும் வேதிப்பொருள் வெளிவரும் இடத்தையே சிதைத்துவிடுகிறது. வயிற்றுவலி, தன்னியக்க நரம்புகள் தாறுமாறாவதால் வருவதாகக் கருதப்படுகிறது. அது முதல் மணி நேரங்களின் அறிகுறி. அடுத்து வருவது கண் இமை. தூக்கம் தெளியாதவர் மாதிரி இரண்டு இமைகளும் பாதி மூடும். பார்வை இரண்டாகத் தெரியும், எச்சில் விழுங்க முடியாது, குரல் கம்மும், கழுத்து நிற்காது. கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுவிடும்.

ஆக, விடியற்காலையில் காரணமில்லாத வயிற்றுவலியோடு வருகிறவரின் வயிற்றை அமுக்கிப் பார்த்த கையோடு, "மேல பாருப்பா, கண்ணை இமைக்காம மேலயே பாரு" என்று சொல்லி அரை நிமிடம் இமையைக் கவனிக்க வேண்டும். செலவில்லாத சோதனை இது. பாம்புக்கடி என்றால் வழக்கமாகச் செய்யும் இருபது நிமிட ரத்தம் உறையும் சோதனை இங்கே உதவாது. கண்ணாடிவிரியன் போன்றவற்றின் கடியில்தான் ரத்தம் உறையாமல் போகும்; கட்டுவிரியன் கடியில் அது ஒழுங்காக உறையும். அதைப் பார்த்து ‘விஷமில்லை’ என்று அனுப்பிவிடக் கூடாது. விஷமுறிவு மருந்தும் சீக்கிரம் போனால்தான் முழுப் பயன். சிதைந்த நரம்பு முனையை மருந்து சரிசெய்யாது, அது தானாக முளைத்து வர நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். அதுவரை வென்டிலேட்டர்தான் மூச்சு விடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: முழுதும் செயலிழந்த நிலையில் அவரால் கண் திறக்க முடியாது, கண்ணின் பாவைகூட ஒளிக்குச் சுருங்காமல் போகலாம். ஆனால் சுற்றிப் பேசுவது அவருக்குக் கேட்டுக்கொண்டிருக்கலாம். மூளை போய்விட்டது என்று யாரும் அவசரப்பட்டுக் கைகழுவக் கூடாது. மூச்சை மட்டும் காப்பாற்றிக் கொடுத்தால் அவர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போவார்.

2000 முதல் 2019 வரை இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம், ஆண்டுக்கு 58,000 பேர் என்று 2020ல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்துக்காரர்கள். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. எந்த மருத்துவமனையில் பார்த்தாலும் கணக்குக் கொடுக்க வேண்டும். வயிற்றுவலி என்று பதிவாகி வயிற்றுவலி என்றே முடிந்துபோன சாவுகள் அந்தக் கணக்கில் எப்படி வரும் என்பது என் கவலை. தடுப்பு எளிது. கயிற்றுக்கட்டில் ஆனாலும் சரி, தரையை விட்டு மேலே படுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கொசுவலையைப் பாய்க்கடியில் நன்றாகச் செருகிக்கொண்டு படுக்க வேண்டும். வலைக்குள் தூங்குகிறவர்களுக்குப் பாம்புக்கடி குறைவு என்பது நேபாளத்தின் தராய் சமவெளியில் நடந்த ஆய்வில் தெரியவந்தது.

மழைக்காலத்துக் காய்ச்சல்களும் வயிற்றில் வேஷம் போடும். உண்ணிக் காய்ச்சல் அதில் ஒன்று. கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைச் சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருகிறது. புதரும் வயலும் சந்திக்கும் நிலம் அதற்குப் பிடித்தமானது. சிறுமலை அடிவாரம், நத்தம் பக்கம் என்று திண்டுக்கல்லைச் சுற்றி அப்படிப்பட்ட நிலத்துக்குக் குறைவில்லை. கிருமி நுண்ணிய ரத்தக்குழாய்களைத் தாக்குவதால் வயிற்றுவலி சில சமயம் அறுவைக்கே கொண்டுபோகும் அளவுக்கு இருக்கும். துப்பு தோலில் இருக்கிறது: கடித்த இடத்தில் விளிம்பு சிவந்த, வலியோ அரிப்போ இல்லாத கறுத்த பொருக்கு. அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடியில், பாவாடை நாடா கட்டும் இடம் என்று யாரும் காட்டாத, யாரும் பார்க்காத இடங்களில்தான் அது இருக்கும். கண்டுபிடித்துவிட்டால் டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரைக்குப் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். டெங்குவிலும் வயிறு கடுமையாக வலிக்கும், அதுவும் காய்ச்சல் விடுகிற நாளில். அது ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கியதன் எச்சரிக்கை. தட்டணுக்கள் குறைந்திருக்கும் அந்த நேரத்தில் தவறாகக் கத்தி வைத்தால் ரத்தத்தை நிறுத்துவது பெரும்பாடு. நாள் கணக்கில் தண்ணீர் பிடித்துவைக்கும் ஊரில் இதை மறக்கக் கூடாது.

வயிற்றுக்கு வெளியிலிருந்தும் வலி வரும். நுரையீரலின் அடிப்பகுதியைப் போர்த்தியிருக்கும் சவ்வின் நரம்புகள்தான் வயிற்றின் முன்சுவருக்கும் இறங்கி வருகின்றன. எனவே வலது நுரையீரலின் அடியில் நிமோனியா வந்த குழந்தை வயிற்றைத்தான் காட்டும். காய்ச்சல் அதிகமாக இருக்கும். மூச்சு வேகமாக ஓடும். மூக்கின் ஓரங்கள் விடைக்கும். சட்டையைக் கழற்றி மூச்சை எண்ணாமல் குழந்தையின் வயிற்றை முடிவு செய்யக் கூடாது. மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் ஓடி, வாயில் பழம் புளித்த வாடை அடித்து, பிள்ளை கொஞ்ச நாளாக அடிக்கடி தண்ணீர் குடித்துச் சிறுநீர் கழித்திருந்தால், அது சர்க்கரை நோய் முற்றிய நிலை. விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் தெரிந்துவிடும். கெண்டைக்காலில் ஊதாப் புள்ளிகள் இருந்தால் ரத்தக்குழாய் அழற்சி. வயிற்றுவலி அந்தப் புள்ளிகளுக்கு முந்தியும் வரலாம் என்பதுதான் தொல்லை. பெரியவர்களில் அக்கி இப்படி ஏமாற்றும். கொப்புளம் எழும்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே வலது வயிற்றில் பட்டையாக எரிச்சலும் வலியும் வந்துவிடும். தோலைத் துணி உரசினாலே எரிகிறது என்பார்கள். கொப்புளம் தெரிந்த பிறகு காவி குழைத்து அக்கி எழுதப் போகிறவர்கள் உண்டு. முதல் மூன்று நாளுக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்கினால் கொப்புளம் சீக்கிரம் ஆறும், வலியும் குறையும்.

பன்னிரண்டு, பதினாலு வயதுப் பையன்கள் விஷயத்தில் வெட்கம் பெரிய எதிரி. விரை தன் தண்டோடு முறுக்கிக்கொண்டால் வலி அடிவயிற்றிலும் தெரியும். விரை கருவில் உருவாவது வயிற்றுக்குள், நரம்பும் அங்கிருந்தே வருகிறது. பையன் "வயிறு வலிக்குதும்மா" என்று மட்டும் சொல்வான். அம்மாவிடம் அதற்கு மேல் சொல்ல அவனுக்கு வாய் வராது. ஆறு மணி நேரத்துக்குள் முறுக்கை எடுத்துவிட்டால் விரை பெரும்பாலும் பிழைக்கும். நேரம் கடக்கக் கடக்க அது செத்துப்போகும். வீட்டில் ஆண் யாராவது தனியே கூட்டிப்போய்க் கேட்க வேண்டும். கேட்காமல் விட்ட ஒரு கேள்விக்குப் பிள்ளை ஓர் உறுப்பை விலையாகக் கொடுக்கக் கூடாது.

பெண்களுக்கு இன்னும் சிக்கல். சூலகம் முறுக்கிக்கொள்ளலாம், நீர்க்கட்டி உடையலாம், மாதவிலக்குகளுக்கு நடுவில் முட்டை வெளிப்படும் நாளில் ஒரு பக்கம் வலிக்கலாம். இவற்றில் உயிர் எடுப்பது கரு குழாயில் தங்கி வெடிப்பது. வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். வெளியே கொஞ்சம் தீட்டுப் பட்டதோடு சரி. முகம் வெளுக்கும், எழுந்து நின்றால் தலை சுற்றும். சிலருக்குத் தோள்பட்டையில் வலிக்கும். கசிந்த ரத்தம் உதரவிதானத்தைத் தொடுகிறது. அதன் நரம்பு கழுத்திலிருந்து வருவதால் மூளை அதைத் தோள் வலியாகப் படிக்கிறது. சிறுநீரில் பார்க்கும் கர்ப்பப் பரிசோதனை ஐந்து நிமிட வேலை. கல்யாணமாகாத பெண்ணிடம் எப்படிக் கேட்பது, மாமியார் பக்கத்தில் நிற்கும்போது எப்படிக் கேட்பது என்ற தயக்கத்தில் அந்த ஐந்து நிமிடம் தவறிவிடுகிறது. கருவுறும் வயதில் உள்ள எந்தப் பெண் வயிற்றுவலியோடு வந்தாலும் துணைக்கு வந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டு, "தேதி எப்ப வந்துச்சு தாயி?" என்று கேட்டு, பதில் எதுவானாலும் அந்தச் சோதனையைச் செய்துவிடுவது அவளுக்குச் செய்யும் மரியாதை.

எங்குமே அபூர்வமானவையும் சில உண்டு. நூற்றில் இரண்டு பேருக்குச் சிறுகுடலின் கடைசியில் இரண்டடி தூரத்துக்குள், கருவில் மறைந்திருக்க வேண்டிய ஒரு பை மிச்சமாகத் தங்கியிருக்கும். மெக்கல் பை என்று பெயர். அது வீங்கினால் குடல்வாலிலிருந்து பிரித்தறிவது கடினம். பெருங்குடலின் வெளிப்புறத்தில் தொங்கும் சிறு கொழுப்புத் துணுக்குகளில் ஒன்று முறுக்கிக்கொண்டால், காய்ச்சலோ வாந்தியோ இல்லாமல் ஒரே புள்ளியில் குத்தும். சி.டி. ஸ்கேனில் தெரிந்துவிட்டால் கத்தியே வேண்டாம், வலி மாத்திரையோடு ஓரிரு வாரத்தில் அடங்கும். போர்ஃபைரியா என்ற பரம்பரைக் கோளாறில் வலி கதறவைக்கும், ஆனால் தொட்டுப் பார்த்தால் வயிறு மெத்தென்று இருக்கும். வெளிச்சத்தில் வைத்த சிறுநீர் கருஞ்சிவப்பாக மாறும். சில மாத்திரைகளும் பட்டினியும் அதைத் தூண்டிவிடும்.

குடல்வாலே வேறு நோய் போல வருவதும் உண்டு. அது பலருக்குப் பெருங்குடலின் பின்னால் ஒளிந்திருக்கும், அப்போது வலி இடுப்பிலும் முதுகிலும். சிலருக்கு இடுப்புக்குழிக்குள் தொங்கும், அப்போது நீர்க்கடுப்பும் பேதியும். கர்ப்பம் வளர வளர அது மேலே தள்ளப்படும்.

வீட்டில் செய்வதைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கு வயிறு வலித்தால் குடல் ஏற்றம் என்று எண்ணெய் போட்டு உருவி விடுவதும் தட்டி எடுப்பதும் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. விளக்கெண்ணெய் கொடுத்துக் கழிய வைப்பதும் இருக்கிறது. வீங்கிய குடல்வாலை அமுக்கினாலோ பேதிக்குக் கொடுத்துக் குடலை முடுக்கினாலோ அது கிழிந்து சீழ் பரவும் ஆபத்து அதிகரிக்கிறது. ஆறு மணி நேரத்துக்கு மேல் விடாமல் வலிக்கும் வயிற்றை வீட்டில் எவரும் உருவவோ தட்டவோ கூடாது. இதற்கு மறுபக்கம், மருத்துவமனைகளில் ஒரு பழைய பழக்கம்: நோயைக் கண்டுபிடிக்கும்வரை வலிக்கு ஊசி போடாமல் வைத்திருப்பது. 1921ல் சக்கரி கோப் எழுதிய புகழ்பெற்ற நூல் தந்த எச்சரிக்கையிலிருந்து தொடர்வது அது. ஸ்கேன் இல்லாத காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. பின்னால் வந்த பல ஆய்வுகள், வலியைத் தணித்தால் நோயறிதல் கெட்டுப்போவதில்லை என்று காட்டிவிட்டன. நோயாளியைத் துடிக்கவிட இன்று நியாயமில்லை.

ஸ்கேனும் இறுதித் தீர்ப்பு இல்லை. அல்ட்ராசவுண்டில் குடல்வாலை அழுத்திப் பார்க்கும் முறையை நெதர்லாந்தின் ஜூலியன் பயலர்ட் 1986ல் எழுதினார். அதே வருடம்தான் அல்வராடோ என்பவர் அறிகுறிகளுக்குப் பத்து மதிப்பெண் போடும் முறையைக் கொடுத்தார். வாயு நிறைந்த வயிற்றிலும் பருமனான உடம்பிலும் ஸ்கேனில் குடல்வால் தெரியாமலே போகும். ‘தெரியவில்லை’ என்பதற்கு ‘இல்லை’ என்று பொருளில்லை. இவை எல்லாவற்றையும்விட நான் நம்புவது, அதே மருத்துவர் அதே கையால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்ப்பதை. குடல்வால் என்றால் வலி ஓரிடத்தில் குவிந்துகொண்டே போகும்; கட்டுவிரியன் என்றால் இமை இறங்கும்; நிணநீர்க் கணு என்றால் பிள்ளை இட்லி கேட்கும். 2022 ஜனவரியில் திண்டுக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு, இப்படி இரவு முழுக்கப் படுக்கவைத்துப் பார்க்க மதுரைக்கு ஓட வேண்டிய தேவை குறைந்திருக்கிறது. ‘அட்மிட் பண்ணிட்டு ஒண்ணுமே செய்யல’ என்று உறவினர்கள் சண்டைக்குப் போகும் அந்தக் காத்திருப்பும் ஒரு சிகிச்சைதான்.

எவ்வளவு பார்த்தாலும் சில வயிறுகளைத் திறந்துதான் ஆக வேண்டும். ஸ்கேன் பரவாத காலத்தில் நூறு அறுவையில் பதினைந்து இருபது குடல்வால் நோயில்லாததாக இருப்பதை உலகம் ஏற்றுக்கொண்டிருந்தது. தாமதித்து வெடிக்க விடுவதைவிட அது மேல் என்ற கணக்கு. குடல்வால் வெளுப்பாக, வீக்கமே இல்லாமல் கிடந்தால் நல்ல அறுவை மருத்துவர் அங்கேயே தையல் போட்டு மூடிவிட மாட்டார். சிறுகுடலின் கடைசி இரண்டு மூன்று அடியை விரல்களுக்கிடையே நகர்த்தி மெக்கல் பையைத் தேடுவார். பெண் என்றால் சூலகங்களையும் குழாய்களையும் பார்ப்பார். குடல்சந்திப்பு தடித்திருக்கிறதா, சவ்வில் கடுகளவு வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்த்து, ஒரு நிணநீர்க் கணுவைக் கிள்ளி எடுத்துக் குடல்வாலோடு சேர்த்துப் பரிசோதனைக்கு அனுப்புவார். அந்த முடிவு வர நாளாகும். அதற்குள் தையல் பிரித்து, வலி நின்று, நோயாளி வேலைக்குப் போய்விடுவார். பயாப்சித் தாள் ஆய்வகத்தின் ஜன்னலோரம் கிடக்கும். அதில் ‘காசநோய்’ என்று எழுதியிருந்தால் ஆறு மாத மாத்திரை அன்றைக்கே தொடங்க வேண்டும். எனவே குடல்வால் எடுத்த வீட்டில் யாராவது ஒருவர், பத்து நாள் கழித்து ஒரு பஸ் ஏறி, அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, அறுத்த மருத்துவரிடமே கொண்டுபோய்க் காட்டிவிட்டு வர வேண்டும்.